ஒரு பகலில் நான்கு உயிரியல் பூங்காக்கள்

ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட உயிரியல் பூங்காக்களைப் பார்ப்பது எல்லா ஊரிலும் முடிகிற காரியமல்ல. பெரும்பாலான நகரங்களில் இருப்பது ஒன்றுதான். அதுவும் ஊருக்கு வெளியே, காலையில் கிளம்பினால் மாலையில் திரும்பும் தூரத்தில் இருக்கும். ஒரே ஊரில் இரண்டும் மூன்றும் அமைந்துவிட்டால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு வரலாறு இருக்கும். பெர்லின் நகரின் பழைய உயிரியல் பூங்கா 1844இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகரம் பிளவுபட்டபோது அது மேற்குப் பக்கத்துக்குப் போய்விட்டது. கிழக்கு பெர்லின் 1955இல் தனக்கென ‘டியர்பார்க்’ என்ற இன்னொரு பூங்காவை அமைத்துக்கொண்டது. பிரித்த சுவர் இடிந்துவிட்டது. பூங்காக்கள் இரண்டும் அப்படியே நிற்கின்றன. காலையில் ஒன்று, மதியத்துக்குமேல் மற்றொன்று என்று நகர ரயிலிலேயே போய்ப் பார்த்துவிடலாம். நியூயார்க்கில் 1899இல் திறந்த பிராங்க்ஸ் பூங்காவோடு சென்ட்ரல் பார்க், குவீன்ஸ், பிராஸ்பெக்ட் பார்க் பூங்காக்களையும் ஒரே சங்கம் நடத்துகிறது.

சிங்கப்பூர் இதை ஒரு சுற்றுலா ஏற்பாடாகவே செய்துவிட்டது. 1973இல் திறந்த சிங்கப்பூர் உயிரியல் பூங்காவுக்குப் பக்கத்திலேயே 1994இல் இரவு சஃபாரியும், 2013இல் ஆற்று உயிர்களுக்கான பூங்காவும் வந்தன. ஜூரோங்கில் இருந்த பறவைப் பூங்கா 2023 ஜனவரியில் மூடப்பட்டு, அதே ஆண்டு மே மாதம் ‘பேர்ட் பாரடைஸ்’ என்ற பெயரில், மற்ற பூங்காக்கள் இருக்கும் மண்டாய்க்கே குடிவந்தது. நடந்துபோகும் தூரத்தில் எல்லாம் இருப்பதால் அங்கே திட்டம் போடப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. பணமும் கால் வலுவும் இருந்தால் போதும்.

சென்னையும் இந்த வரிசையில் சேரும் என்பது சென்னைவாசிகள் பலருக்கே தோன்றுவதில்லை. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, அதை ஒட்டிய பாம்புப் பண்ணை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணை ஆகிய நான்கும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றவை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பின்னர் கொண்டுவந்த திருத்தத்தின்படி 1992இல் அமைந்த இந்த ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் நாட்டில் எவரும் விலங்குகளைக் காட்சிக்கு வைக்க முடியாது. ஆக, ‘பண்ணை’ என்றும் ‘பூங்கா’ என்றும் பெயர் எப்படி இருந்தாலும் சட்டப்படி நான்கும் உயிரியல் பூங்காக்களே. நான்குக்கும் ஒரே நாளில் போய்வர முடியும். எந்த நாளில், எந்த வரிசையில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் நாள். ஒவ்வொரு உயிரியல் பூங்காவும் வாரத்தில் ஒரு நாளாவது பார்வையாளர்களுக்குக் கதவடைக்க வேண்டும் என்பது விதி. கூட்டத்தின் இரைச்சலிலிருந்து விலங்குகளுக்கும், அன்றாட ஓட்டத்திலிருந்து ஊழியர்களுக்கும் கிடைக்கும் ஓய்வு அது. வண்டலூர், கிண்டி சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை மூன்றுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை. எனவே வாரத்தின் முதல் இரண்டு வேலை நாட்களிலும் நான்கில் ஏதாவது ஒன்று பூட்டியிருக்கும். சனி, ஞாயிறு என்றால் கடற்கரைச் சாலையின் நெரிசல் ஒரு மணி நேரத்தையாவது விழுங்கிவிடும். காணும் பொங்கலன்று இந்தத் திட்டத்தை நினைத்தே பார்க்கக் கூடாது. அன்றைக்கு வண்டலூரில் விலங்குகளைவிட மனிதர்களைத்தான் அதிகம் பார்க்கலாம். மிஞ்சுவது புதன், வியாழன், வெள்ளி. பள்ளி விடுமுறைக் காலத்தில் வாராந்திர விடுமுறையை மாற்றி அமைப்பதும் உண்டு என்பதால் கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது வரிசை. வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் கிண்டியில் தொடங்கி வண்டலூருக்குப் போய், அங்கிருந்து கேளம்பாக்கம், கோவளம் வழியாக வடநெம்மேலி சேர்வதே குறுக்குவழி என்பார். தூரக் கணக்கில் அது சரி. ஆனால் அந்த வரிசையில் போனால் வண்டலூரில் நுழையும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் புலி நிழலில் கால் நீட்டிக் கிடக்கும். சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம்வரைகூடப் படுத்துக் கிடக்கும் விலங்கு. வேட்டையாடுவதும் நடமாடுவதும் விடியலிலும் அந்திக்குப் பிறகும்தான். நீர்யானை பகல் முழுவதும் தண்ணீருக்குள் கிடந்துவிட்டு இரவில் கரையேறிப் புல் மேயும். உச்சி வெயிலில் அதன் தொட்டி முன் நிற்பவருக்குத் தெரிவது இரண்டு மூக்குத்துளைகளும் இரண்டு காதுகளும் மட்டுமே. உயிரியல் பூங்காக்களின் வேலை நேரம் மனிதர்களின் வசதிக்கு ஏற்றது. உள்ளே இருக்கும் பாலூட்டிகளில் பலவற்றுக்கு அது உறங்கும் நேரம். சிங்கப்பூரின் இரவு சஃபாரி பிறந்ததே இந்த முரண்பாட்டிலிருந்துதான்.

எனவே வெயில் ஏறுவதற்குள் பார்க்க வேண்டியது வண்டலூர். நிழலும் கூரையும் இருப்பதால் நண்பகலைத் தாங்குவது கிண்டி. வெயில் தாழ்ந்தபின் கரையில் கிடப்பவை முதலைகள். வண்டலூர், கிண்டி, வடநெம்மேலி என்ற இந்த வரிசையில் சாலைத் தூரம் சற்றுக் கூடுகிறது. பார்க்கக் கிடைப்பதும் கூடுகிறது. வண்டலூரும் கிண்டியும் கடற்கரை - செங்கல்பட்டு மின்சார ரயில் பாதையிலேயே இருப்பதால் முதல் கட்டத்துக்குச் சொந்த வண்டிகூடத் தேவையில்லை.

வண்டலூர் பூங்காவின் பூர்வீகம் எழும்பூர். சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளராக இருந்த மருத்துவர் எட்வர்ட் கிரீன் பால்ஃபர், உயிருள்ள விலங்குகளை வைத்தால் மக்கள் திரண்டு வருவார்கள் என்று கண்டுகொண்டவர். ஆர்க்காட்டு நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளைப் பெற்று, 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு விலங்குக் காட்சியைத் தொடங்கினார். ஓராண்டுக்குள் அங்கே 300க்கும் மேற்பட்ட உயிரினங்கள் சேர்ந்துவிட்டன. 1863இல் அது மாநகராட்சியிடம் போய், சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம்பெயர்ந்தது. பாடம் செய்த உடல்கள் இருந்த அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்திலிருந்த இந்தக் காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சென்னைவாசிகள் அழைத்தார்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் ஒரே நாளில் இரண்டு காலேஜையும் பார்த்துவிட்டுப் போவது அன்றைய வழக்கம். இன்று நான்கு பூங்காக்களுக்குத் திட்டமிடுபவர்களுக்கு அவர்களே முன்னோடிகள்.

நகரம் நெருக்கியதும் பழைய இடம் போதாமல் போயிற்று. வண்டலூர் காப்புக்காட்டில் 510 ஹெக்டேர் ஒதுக்கி, 1979இல் வேலை தொடங்கி, 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். புதிய பூங்காவைத் திறந்துவைத்தார். மீட்கப்பட்ட விலங்குகளுக்கான மையத்துக்காக 2001இல் மேலும் நிலம் சேர்ந்து, இப்போதைய பரப்பு 602 ஹெக்டேர். ஏறத்தாழ 1,500 ஏக்கர்! மூர் மார்க்கெட் காட்சிசாலையை நினைவில் வைத்திருப்பவர்கள் கூண்டின் இரும்புக் கம்பிகளைத்தான் முதலில் சொல்வார்கள். வண்டலூரில் கம்பிக்குப் பதில் அகழி. பார்ப்பவரின் கண்ணுக்குப் பள்ளம் தெரியாதபடி சரிவும் செடிகளும் அமைத்து, விலங்கு தாண்ட முடியாத அகலத்துக்கு வெட்டியிருப்பார்கள். இந்த முறையை உலகுக்குக் காட்டியவர் ஜெர்மனியின் கார்ல் ஹாகன்பெக். ஹாம்பர்க் நகருக்கு அருகே 1907இல் அவர் திறந்த பூங்காவைப் பார்த்துத்தான் கம்பியில்லாத அடைப்பிடங்கள் பிற நாடுகளுக்குப் பரவின.

இவ்வளவு பெரிய இடத்தை மூன்று மணி நேரத்தில் நடந்து பார்ப்பது நடவாது. பேட்டரி கார், வாடகை சைக்கிள் இரண்டும் உள்ளே கிடைக்கும். சுற்றுலாக் குழுக்கள் நேரே போய் நிற்பது வெள்ளைப் புலியின் முன்னால். அது தனி இனமல்ல. 1951இல் மத்திய இந்தியாவின் ரேவா காடுகளில் பிடிபட்ட ‘மோகன்’ என்ற வெள்ளைப் புலிக் குட்டியின் வம்சத்தை நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்துப் பெருக்கியதன் விளைவே இன்று பூங்காக்களில் காணும் வெள்ளைப் புலிகள். இப்படிப் பெருக்கியதால் மாறுகண் போன்ற குறைகள் இவற்றிடம் மிகுதி. புலி இனத்தைக் காப்பதில் இவற்றுக்குப் பங்கு ஏதும் கிடையாது. அழகுக்காக ஐந்து நிமிடம் நிற்கலாம். அதற்குமேல் கொடுக்கத் தேவையில்லை.

அந்த நேரத்தைச் சிங்கவால் குரங்குகளுக்குக் கொடுப்பது நல்லது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத குரங்கு இது. கரிய உடல், முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வாலின் நுனியில் சிங்கத்துக்கு இருப்பதுபோல ஒரு குஞ்சம். காட்டில் பெரும்பாலும் மரத்திலிருந்து இறங்காமல் மேல்கிளைகளிலேயே காலம் தள்ளும். தேயிலைத் தோட்டங்களும் சாலைகளும் காட்டைத் துண்டு துண்டாக்கியதால், ஒரு சோலையிலிருந்து மறு சோலைக்குப் போக வழியில்லாமல் சிறு சிறு கூட்டங்களாகச் சிக்கிக்கொண்டிருக்கிறது. இந்த இனத்தைப் பூங்காக்களில் முறையாக இனப்பெருக்கம் செய்யும் தேசியத் திட்டத்துக்கு வண்டலூர்தான் ஒருங்கிணைக்கும் பூங்கா. எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்ப்பது, எந்தக் குட்டியை எந்தப் பூங்காவுக்கு அனுப்புவது என்பதெல்லாம் பரம்பரைப் பதிவேட்டைப் பார்த்துத் தீர்மானமாகும். வெள்ளைப் புலி விஷயத்தில் நடந்ததற்கு நேர் எதிரான வேலை இது. இரண்டும் ஒரே வளாகத்துக்குள் இருக்கின்றன!

குளிர்காலத்தில் வருபவர்கள் ஓட்டேரி ஏரிப் பக்கமும் எட்டிப் பார்க்கலாம். பூங்காவுக்குள்ளேயே உள்ள இந்த ஏரிக்கு, தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில், நீர்ப்பறவைகள் தாமாக வந்து தங்கும். 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து, பூங்காவைப் பல வாரங்கள் மூடிவைக்க நேர்ந்தது. அதற்குப் பின் நட்ட மரங்கள் இன்னும் பழைய நிழலைத் தரத் தொடங்காத இடங்கள் சில உண்டு. தொப்பி அவசியம்.

பன்னிரண்டரை மணிக்குள் வண்டலூரை விட்டுக் கிளம்பினால் மின்சார ரயிலில் கிண்டி போய்ச் சேரலாம். அங்கிருந்து சர்தார் பட்டேல் சாலையில் சிறிது தூரம். சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் அக்கம்பக்கம். இரண்டும் கிண்டி தேசியப் பூங்காவின் ஓரத்தில் இருக்கின்றன. 1978இல் தேசியப் பூங்காவான இந்தக் காட்டின் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர்தான். நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. ஒரு காலத்தில் ஆளுநர் மாளிகையின் வேட்டைக்காடாக இருந்த பரப்பில் ஒரு பகுதி ஐ.ஐ.டி.க்குப் போனது, தலைவர்களின் நினைவிடங்களுக்கும் கொஞ்சம் போனது. எஞ்சிய புதர்க்காட்டில் புள்ளிமான்களும் வெளிமான்களும் நரிகளும் இன்றும் சுதந்திரமாகத் திரிகின்றன. வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். தொலைவில் வரும் ஆபத்தைக் கண்டு ஓடித் தப்பிக்கும் விலங்கு அது. காட்டுக்குள் இருக்கும் பழைய போலோ மைதானம்தான் அதற்கு வாகான இடம். புதர் மண்டினால் புள்ளிமானுக்குக் கொண்டாட்டம், வெளிமானுக்குத் திண்டாட்டம். இவ்வளவு சிறிய காட்டில் இரண்டையும் சேர்த்துக் காப்பது வனத்துறைக்கு ஓயாத வேலை.

சிறுவர் பூங்கா அண்மையில் பெருஞ்செலவில் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. குழந்தைகளோடு வருபவர்களுக்கு அங்கே ஒரு மணி நேரம் போவதே தெரியாது. பெரியவர்கள் மட்டும் வந்திருந்தால் அரை மணி போதும். அன்றைய நண்பகலின் முக்கியமான இடம் பக்கத்துக் கதவு.

பாம்புப் பண்ணை ஏறத்தாழ ஓர் ஏக்கர் பரப்புள்ளது. வண்டலூரிலிருந்து நேரே வருபவருக்கு அது ஒரு வீட்டுத் தோட்டத்தைப்போலத் தெரியும். ரோமுலஸ் விட்டேக்கர் 1972இல் அமைத்த இதுவே இந்தியாவின் முதல் ஊர்வனப் பூங்கா. அமெரிக்காவில் பிறந்து சிறுவயதிலேயே இந்தியாவுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர் அவர். பாம்பு என்றாலே அடித்துக் கொல்வது, இல்லையென்றால் பால் ஊற்றிக் கும்பிடுவது என்ற இரண்டே வழிகள் இருந்த ஊரில், நின்று பார்ப்பது என்ற மூன்றாவது வழியை இந்தப் பண்ணை காட்டியது. பாம்பு பாலுக்கு ஆசைப்படும் பிராணியல்ல என்பதும், வெளிச்செவி இல்லாத அது மகுடியின் இசைக்கு மயங்காமல் மகுடியின் அசைவையே கவனிக்கிறது என்பதும் இங்கே கேட்டுத் தெரிந்துகொண்ட தலைமுறைகள் உண்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தூரத்தில் பாம்பைப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. இந்தியாவில் உயிரிழப்புகளை மிகுதியாக ஏற்படுத்தும் நான்கு பாம்புகளையாவது நிதானமாகப் பார்த்து மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். நல்ல பாம்பைப் படத்தால் அறியலாம். படமெடுக்காமல் கிடந்தால் சாரைப்பாம்போடு குழப்பிக்கொள்வார்கள். கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலிபோல மூன்று வரிசை முட்டை வடிவப் புள்ளிகள் ஓடும். சீண்டினால் குக்கர் விசில்போலச் சீறும். சுருட்டை விரியன் சிறியது. உடலை மடித்து மடித்துச் செதில்களை ஒன்றோடொன்று உரசி அரம் போடும் ஓசை எழுப்பும். கட்டுவிரியன் பகலில் அசையாது. பளபளக்கும் கறுப்பு உடலில் மெல்லிய வெள்ளைக் கட்டுகள். அவை கழுத்தருகே மங்கலாகவோ இல்லாமலோ இருந்து, வால் பக்கம் போகப்போகத் தெளிவாகும். விஷமில்லாத ஓநாய்ப் பாம்புக்கும் இதேபோலக் கட்டுகள் உண்டு. ஆனால் அதற்குத் தலைப்பக்கம் தெளிவாகவும் வால்பக்கம் மங்கலாகவும் இருக்கும். கண்ணாடிக்கு வெளியே, இருட்டில், இந்த வேறுபாட்டை நம்பி யாரும் சோதனை செய்யக் கூடாது. கட்டுவிரியன் தரையில் படுத்துறங்குபவர்களை இரவில் கடிக்கும். கடி வலிக்காததால் பலருக்குக் கடிபட்டதே தெரியாது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர்.

கிண்டியிலிருந்து மூன்று மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். அடையாறு, திருவான்மியூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, முட்டுக்காடு, கோவளம் தாண்டினால் வடநெம்மேலி. மாமல்லபுரம் செல்லும் பேருந்துகள் வாசலிலேயே நிற்கும். ஒன்றே கால் மணி நேரப் பயணம். திருவான்மியூர் சிக்னல்கள் மனம் வைத்தால் இன்னும் குறையும்.

பாம்புப் பண்ணையைத் தொடங்கிய விட்டேக்கரும் அன்றைய அவர் மனைவி ஸாய் விட்டேக்கரும் நண்பர்களும் 1976இல் தொடங்கியதே முதலைப் பண்ணை. அன்றைக்கு இந்தியாவின் மூன்று முதலை இனங்களும் அழிவின் விளிம்பில் இருந்தன. ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் சதுப்பு முதலை, கழிமுகங்களில் வாழும் உவர்நீர் முதலை, வட இந்திய ஆறுகளில் வாழும் சொம்புமூக்கு முதலை என மூன்றையும் தோலுக்காக வேட்டையாடி ஏறக்குறைய முடித்துவிட்டிருந்தார்கள். மத்திய அரசு 1975இல் முதலைகளைக் காக்கும் திட்டத்தைத் தொடங்கியது. முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்து, குட்டிகளை ஓரளவு வளர்த்து ஆற்றில் விடுவது அதன் அடிப்படை. வடநெம்மேலிப் பண்ணை அதற்குக் கைகொடுத்தது.

இங்கே கற்றுக்கொண்டவை பாடநூல்களுக்குப் போயிருக்கின்றன. முதலை ஆணா பெண்ணா என்பது கருவுறும்போதே நிர்ணயமாவதில்லை. முட்டை அடைகாக்கப்படும் வெப்பநிலையே அதைத் தீர்மானிக்கிறது. சதுப்பு முதலை முட்டைகளை 31 டிகிரி செல்சியஸோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ வைத்தால் பொரிப்பவை எல்லாம் பெண். 32.5 டிகிரியில் ஆண். ஒன்றரை டிகிரி வித்தியாசம் ஒரு தலைமுறையின் கணக்கையே மாற்றிவிடுகிறது. சதுப்பு முதலை ஒரே பருவத்தில் இரண்டு முறை முட்டையிடக்கூடியது என்பதும் இங்கே பதிவானது. விளைவு, குட்டிகள் பெருகின. கொண்டுபோய் விடுவதற்கு ஆறும் ஏரியும்தான் பெருகவில்லை. சுமார் எட்டரை ஏக்கர் வளாகத்தில் முதலைகள் நெருக்கியடித்துக் கிடந்தன. அவற்றில் ஆயிரத்தை குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள மையத்துக்கு அனுப்பும் முடிவு நீதிமன்றம்வரை போய், சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. காப்பாற்றுவதில் கிடைத்த வெற்றியே சுமையாக மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அரிது.

சதுப்பு முதலைகளின் குளத்தருகே மாலை நாலரைக்குமேல் நிற்பது நல்லது. வாயைத் திறந்தபடி கரையில் கிடப்பது கோபத்தால் என்று குழந்தைகளுக்குச் சொல்வார்கள். உடல் சூட்டை வாய் வழியாக ஆற்றும் ஏற்பாடு அது. தாடையை உற்றுப் பார்த்தால், செதில்களில் மிளகு தூவினாற்போல நுண்ணிய கரும்புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் உணர்வுறுப்பு. தண்ணீரில் எழும் மெல்லிய அதிர்வைக்கூட அவற்றால் உணர்ந்து, கும்மிருட்டிலும் இரை இருக்கும் திசையை முதலை அறிந்துகொள்கிறது. சொம்புமூக்கு முதலையின் நீண்டு ஒடுங்கிய தாடை மீன் பிடிப்பதற்கென்றே அமைந்தது; தண்ணீரைக் கிழித்துப் பக்கவாட்டில் வீச அகன்ற தாடை உதவாது. வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் மட்டும் உருண்டையாக ஒரு திரட்சி இருக்கும். சரசமாடும் காலத்தில் எழுப்பும் ஒலியை அது கூட்டிக் கொடுக்கிறது.

இதே வளாகத்தில்தான் கிண்டியில் பார்த்த நான்கு பாம்புகளின் கதை தொடர்கிறது. தமிழ்நாட்டின் இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடிப்பதில் வல்லவர்கள். தோல் வணிகம் சட்டப்படி நின்றபோது அவர்களுடைய பிழைப்பும் நின்றது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, அதே திறமையை வேறு வழிக்குத் திருப்பியது. வனத்துறை அனுமதியோடு பிடித்துவரும் பாம்புகள் ஒவ்வொன்றும் தனித்தனி மண்பானையில், வாய்க்குத் துணி கட்டி வைக்கப்படும். வாரம் ஒரு முறை என நான்கு முறை விஷம் எடுத்தபின், ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் மீண்டும் காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு மறுபடி உடனே பிடிபடாமலிருக்க அடிவயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டப்படும். விளிம்பில் மெல்லிய உறை கட்டிய கண்ணாடிக் குடுவையைப் பாம்பு கடிக்க, பல்லிலிருந்து வெளிர்மஞ்சள் துளிகள் வழிந்து இறங்குவதைப் பார்வையாளர்கள் நேரில் காணலாம். உறையவைத்து உலர்த்திய இந்த விஷத்தைக் கொண்டே விஷமுறிவு மருந்து தயாராகிறது; நாட்டில் தயாராகும் மருந்தில் பெரும்பகுதிக்கு விஷம் போவது இங்கிருந்துதான். இருளர் பாம்புபிடி வல்லுநர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. கிண்டியும் வடநெம்மேலியும் ஒரே பகலில் அமையும்போது, கண்ணாடிக்குப் பின்னால் கண்ட பாம்பின் விஷம் மருந்தாகும் வழியும் அன்றே தெரிந்துவிடுகிறது. நான்கு பூங்காக்களையும் ஒன்றாகப் பார்ப்பதில் கிடைக்கும் உண்மையான லாபம் இதுதான்.

இவ்வளவு அலைச்சலுக்கும் ஒரு விலை உண்டு. காட்சிப்பொருள்களைத் தொடர்ந்து பார்ப்பவருக்கு, நேரம் ஆக ஆகக் கவனம் சிதறி எதைப் பார்த்தாலும் ஒன்றுபோலத் தோன்றத் தொடங்கும். போஸ்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916லேயே இதை ‘அருங்காட்சியகக் களைப்பு’ என்று குறித்தார். உயிரியல் பூங்காவில் வெயிலும் நடையும் சேர்ந்து இது இன்னும் சீக்கிரம் வரும். பத்தாவது மானைப் பார்க்கும்போது யாருக்கும் ஆர்வம் இருப்பதில்லை. அதற்கு மருந்து, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று விலங்குகளை மட்டும் தேர்ந்து ஒவ்வொன்றின் முன்னும் கால் மணி நேரமாவது நிற்பது. எல்லாவற்றையும் பார்த்தே தீருவேன் என்று ஓடுபவர் கடைசியில் பார்ப்பது பெயர்ப்பலகைகளைத்தான்.

ஒரே நாளில் பல பூங்காக்களுக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று நோய்த்தொற்று. பறவைக் காய்ச்சல் போன்ற நோய்கள் செருப்பின் அடியில் ஒட்டிய எச்சத்தின் மூலமும் பயணம் செய்யும். மனிதர்களின் நோய் விலங்குகளுக்குப் போவதும் உண்டு. 2021 ஜூன் தொடக்கத்தில் வண்டலூரில் நீலா என்ற பெண் சிங்கம் கொரோனா தொற்றுக்கு ஆளாகி இறந்தது. அங்கிருந்த சிங்கங்களைத் தாக்கியது டெல்டா வகைக் கிருமி என்பது மரபணுச் சோதனையில் தெரியவந்தது. நுழைவாயிலில் கிருமிநாசினி நீரோ சுண்ணாம்போ வைத்திருந்தால் அதைத் தாண்டிக் குதிக்காமல் மிதித்து உள்ளே போக வேண்டும். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகுமுன் கைகளைச் சோப்பால் கழுவிவிட வேண்டும். இருமலோ காய்ச்சலோ இருப்பவர்கள் பயணத்தைத் தள்ளிவைப்பதே முறை.

விலங்குகளைச் சீண்டுவதும், அவற்றுக்குத் தீனி போடுவதும், கூச்சலிட்டுத் தொல்லை தருவதும், வளாகத்தில் குப்பை போடுவதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவின்படி குற்றம். முதலை அசையவில்லையே என்று கல்லெறிபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அது உயிரோடுதான் இருக்கிறது. சும்மா கிடப்பதுதான் அதன் வாழ்க்கை முறை.

நான்கையும் ஒரே பகலில் முடிப்பது உடல் வலுவுள்ள பெரியவர்களுக்கும், பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கும் சரிப்படும். சிறு குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருபவர்கள் நான்காம் இடத்துக்கு ஆசைப்படாமலிருப்பது நல்லது. விட வேண்டியது எதை என்று கேட்டால் வண்டலூரை. அதன் பரப்புக்கு அரை நாள் போதவே போதாது. அதற்கென்று ஒரு முழு நாளைத் தனியாக ஒதுக்கிக்கொள்ளலாம். கிண்டியின் இரண்டையும் காலையில் பார்த்துவிட்டு, மதிய உணவுக்குப் பின் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிக்குப் போனால், விஷம் எடுக்கும் காட்சியையும் முதலைகளையும் அவசரமில்லாமல் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.